பதிப்பகத்தில் இன்டர்ன்ஷிப்: விண்ணப்பம் முதல் கடைசி வாரம் வரை

பதிப்பகத்தில் இன்டர்னாகச் சேர விரும்புகிறவர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் முதல் வரி ஒன்றுதான்: ‘எனக்குப் புத்தகம் வாசிக்க ரொம்பப் பிடிக்கும்.’ நல்லதுதான், ஆனால் அந்த அலுவலகத்தில் இருக்கும் எல்லோருக்குமே வாசிக்கப் பிடிக்கும், அதனால் அந்த வரி உங்களைப் பற்றி எதையும் சொல்லிவிடாது. ஒரு பதிப்பகம் தினமும் செய்வது முடிவெடுக்கும் வேலை: எதை வெளியிடுவது, எதை வேண்டாம் என்பது, எத்தனை பக்கத்தில், எந்தத் தாளில், எத்தனை பிரதிகள், என்ன விலையில். இந்த முடிவுகள் எப்படி உருவாகின்றன என்று பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைக்கும் சில வாரங்களுக்குத்தான் இன்டர்ன்ஷிப் என்று பெயர்.

அதனால் என் பரிந்துரை ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இருக்கும் காலத்தில் ஒரே ஒரு புத்தகத்தையாவது, எழுத்தாளர் எழுதி அனுப்பும் மூலப் பிரதியாகக் கையில் வந்த கட்டத்திலிருந்து அச்சாகிக் கிடங்குக்குப் போகிறவரை, தொடர்ந்து பின்தொடருங்கள். பத்துப் புத்தகங்களில் துண்டு துண்டாக வேலை பார்ப்பதைவிட அதில் கற்றுக்கொள்வது அதிகம். கீழே வரும் எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

1. எந்தப் பதிப்பகம்?

பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், கேட்டலாக்கை வைத்துத் தேர்ந்தெடுங்கள். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் அவர்கள் கொண்டுவந்த புத்தகங்களின் பட்டியலைப் பார்த்தாலே எதில் அக்கறை உள்ளவர்கள் என்று தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பு நிறைய வருகிறதா, சிறுவர் நூல்களா, பாடநூல்களா, பழைய நூல்களின் மறுபதிப்பா? பாடநூல் வெளியிடும் இடத்திலும் நாவல் வெளியிடும் இடத்திலும் வேலையின் தன்மையே வேறு.

பெரிய நிறுவனம் என்றால் எடிட்டோரியல், தயாரிப்பு, வடிவமைப்பு, விற்பனை, உரிமைகள் என்று துறைகள் தனித்தனியாக இருக்கும், உங்களை ஏதாவது ஒன்றில் போடுவார்கள், அங்கே முறையான பயிற்சி கிடைக்கும், ஆனால் அடுத்த மேசையில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் காலம் முடிந்துவிடலாம். நாலைந்து பேர் மட்டும் இருக்கும் சின்னப் பதிப்பகத்தில் உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது, ஆனால் எல்லாமே உங்கள் கண்முன் நடக்கும்: அச்சகத்துக்குப் போகும் தொலைபேசி அழைப்பு, எழுத்தாளரின் கோபம், விநியோகஸ்தரின் கணக்கு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சின்னது அல்லது நடுத்தரமானதைத்தான் சொல்வேன்.

2. விண்ணப்பம்

ஒரே கடிதத்தை இருபது இடங்களுக்கு அனுப்பினால் படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் தனித்தனியாக, ஒரு பக்கத்துக்குள், அவர்கள் வெளியிட்ட ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றிக் குறிப்பாக ஏதாவது சொல்லி எழுதுங்கள். ‘அருமையான நூல்’ என்ற பாராட்டால் பயனில்லை. மொழிபெயர்ப்பில் வட்டாரச் சொற்களைக் கையாண்ட விதம், சொல்லடைவு இருந்தது எவ்வளவு உதவியது, பின்னட்டைக் குறிப்பு கதையை அதிகமாகச் சொல்லிவிட்டதோ என்ற சந்தேகம், இப்படி ஏதாவது. புத்தகத்தை ஒரு பொருளாகவும் கவனித்துப் பார்க்கிறவர் என்று அது காட்டும்.

இன்னொன்று, கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழைகூட இருக்கக்கூடாது. வேறு வேலைக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம், இங்கே அந்தக் கடிதமே தேர்வுத்தாள். அனுப்புவதற்கு முன் அச்செடுத்து, வாய்விட்டுப் படித்து, இன்னொருவரிடமும் காட்டுங்கள். என்ன செய்யத் தெரியும் என்பதையும் நேராக எழுதுங்கள்: யூனிகோடில் வேகமாகத் தட்டச்சு செய்ய வரும், எக்செல் தெரியும், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அடிப்படை தெரியும், இன்னொரு மொழி படிக்கத் தெரியும். கவிதை எழுதுவீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். உங்கள் கவிதைத் தொகுப்பையும் கூடவே இணைத்து அனுப்பினால் வேலை கேட்கிறீர்களா, புத்தகம் போடக் கேட்கிறீர்களா என்ற குழப்பம் வந்துவிடும்.

3. சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

பல இடங்களில் ஒரு சின்னச் சோதனை வைப்பார்கள். இரண்டு பக்கம் கொடுத்து மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பிழைகளைக் கண்டு குறிக்கச் சொல்லலாம், ஒரு அத்தியாயத்தைக் கொடுத்துக் கருத்து கேட்கலாம். அவசரப்படாதீர்கள். சந்தேகமான இடத்தைத் திருத்தாமல் ‘இதை ஆசிரியரிடம் கேட்க வேண்டும்’ என்று ஓரத்தில் குறித்துவைத்தால் அது நல்ல அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

நீங்களும் கேளுங்கள். எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உதவித்தொகை உண்டா, யாருக்குக் கீழே வேலை, முடிந்ததும் சான்றிதழ் தருவார்களா, எந்தெந்த வேலை. இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். உதவித்தொகை இல்லை என்றால் பதிலுக்குக் கற்றுத்தருவது நிச்சயமாக இருக்க வேண்டும். முழுநேர ஊழியர் செய்யும் வேலையை மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் செய்யவைப்பது பயிற்சி இல்லை, பல நாடுகளின் தொழிலாளர் சட்டங்களும் அதை ஏற்பதில்லை. பேசிமுடித்ததை ஒரு மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

4. முதல் வாரம்

முதல் வாரத்தில் பெரிய வேலை எதுவும் வராது, அது வருத்தப்பட வேண்டிய விஷயமும் இல்லை. கோப்புகள் எப்படிப் பெயரிடப்படுகின்றன என்று கவனியுங்கள். ஒரே பிரதிக்கு ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இதுதான் இறுதி’ என்று மூன்று கோப்புகள் கிடந்து, அதில் பழையது அச்சுக்குப் போய்விடுவது பதிப்பகங்களில் நிஜமாகவே நடக்கும் விபத்து. தேதியும் பதிப்பு எண்ணும் போட்டுப் பெயர் வைக்கிற ஒழுங்கு அங்கே இருந்தால் அப்படியே பின்பற்றுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கையில் வரும் கோப்புகளுக்காவது அதைச் செய்யுங்கள்.

அடுத்தது, பின்தொடரப்போகும் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது. உங்கள் மேற்பார்வையாளரிடம் நேராகவே கேட்கலாம்: ‘நான் இருக்கும் காலத்துக்குள் அச்சுக்குப் போகப்போகிற ஒரு புத்தகத்தை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாமா? அதன் பழைய கோப்புகளையும் படிக்கலாமா?’ ஆசிரியர் முதலில் அனுப்பிய பிரதியையும் எடிட்டர் கைவைத்த பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுபோல ஒரு பாடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. எந்த வாக்கியம் போயிருக்கிறது, எந்தப் பத்தி இடம் மாறியிருக்கிறது, எதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கடைசியில் சொன்னதுதான் முக்கியம், ஏனென்றால் நல்ல எடிட்டரின் திறமையில் பாதி, தொடாமல் விட்ட இடங்களில் இருக்கிறது.

5. வந்து குவியும் பிரதிகளும் வாசிப்பு அறிக்கையும்

பதிப்பகம் கேட்காமலே எழுத்தாளர்கள் அனுப்பிவைக்கும் பிரதிகள் எல்லாப் பதிப்பகங்களிலும் குவிந்துகிடக்கும். அவற்றைப் படித்து ஒரு பக்க அறிக்கை எழுதச் சொல்லுவார்கள். அறிக்கையில் கதைச்சுருக்கம் நாலைந்து வரிக்கு மேல் வேண்டாம். எடிட்டருக்குத் தெரிய வேண்டியது வேறு: இது யாருக்கான புத்தகம், இதே விஷயத்தில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன, இதில் என்ன புதிது, நடை எப்படி, எங்கே தொய்கிறது, சரிசெய்யக்கூடிய குறையா அடிப்படையிலேயே குறையா. கடைசியில் வெளியிடலாமா வேண்டாமா என்று ஒரு முடிவு சொல்லுங்கள். ‘பரவாயில்லை, யோசிக்கலாம்’ என்று முடித்தால் அந்த எடிட்டர் மறுபடியும் முழுப் பிரதியையும் படிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் ரசனைக்குப் பிடிக்காத புத்தகம் நல்ல புத்தகமாக இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். ‘எனக்கு இந்த வகை பிடிக்காது, ஆனால் இந்த வகையைப் படிக்கிறவர்களுக்கு இது வேலைசெய்யும்’ என்று எழுதத் தெரிந்தவரைப் பதிப்பகம் விடாது.

மறுப்புக் கடிதம் எழுதும் வேலையும் வரும். சுருக்கமாக, மரியாதையாக, பொய்யான நம்பிக்கை தராமல். ஒருவர் பல வருடங்கள் உட்கார்ந்து எழுதியது அது. தாமதமாக வரும் மறுப்பைவிட, பதிலே வராமல் இருப்பதுதான் எழுதியவரை அதிகம் புண்படுத்துகிறது.

6. மெய்ப்பு

இந்தப் பகுதியைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மீதான நம்பிக்கை இங்கேதான் உருவாகும் அல்லது உடையும். மெய்ப்புப் பார்ப்பது வாசிப்பு என்று நினைத்து உட்கார்ந்தால் சீக்கிரமே பிழைகள் கண்ணில் படாமல் போய்விடும். வாசிக்கும்போது நாம் எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை, பழக்கப்பட்ட சொல்லை மனம் தானாகவே நிரப்பிக்கொண்டு போகிறது. கதை சுவாரஸ்யமாக இருந்தால் இன்னும் ஆபத்து. அதனால் ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். முதலில் உரை மட்டும். அடுத்த சுற்றில் அத்தியாயத் தலைப்புகள், பக்க எண்கள், பொருளடக்கத்தோடு அவை ஒத்துப்போகின்றனவா என்பது. இன்னொரு சுற்றில் அடிக்குறிப்பு எண்கள், படங்களுக்குக் கீழே உள்ள குறிப்புகள், பெயர்கள், ஆண்டுகள். ஒரு பாத்திரத்தின் பெயர் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மாதிரியும் ஒன்பதாம் அத்தியாயத்தில் வேறு மாதிரியும் வருவது தனியாகப் பெயர்களை மட்டும் பார்க்கும்போதுதான் அகப்படும்.

தமிழ்ப் பிரதிகளில் சந்தியும் ர-ற, ல-ள-ழ, ன-ண குழப்பங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாதது எழுத்துருவால் வரும் பிழைகள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து யூனிகோடுக்கு மாற்றிய பிரதியில், துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருக்கும். ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து ‘கெளரவம்’ என்று இருக்கும். அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், ஆனால் மின்னூலில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது, கணினி வாசித்துக் காட்டும்போதும் தப்பாக ஒலிக்கும். சரி, மொத்தமாக மாற்றிவிடலாமே என்று ‘கெள’ எல்லாவற்றையும் ‘கௌ’ ஆக்கக் கட்டளை கொடுத்தால் ‘கெளுத்தி’ உடைந்துபோகும். எந்தத் திருத்தத்தையும் மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றும் பழக்கத்தை இங்கேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

பக்க வடிவமைப்பு முடிந்து வரும் மெய்ப்பில் இன்னும் சில கவனிக்க வேண்டும். வரி உடையும் இடத்தில் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. மென்பொருள் இதைச் சில சமயம் கவனிக்காது. பத்தியின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்தின் தலையில் போய் நிற்கக் கூடாது. மேற்கோள்குறி திறந்தது மூடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

‘வந்துகொண்டிருந்தாள்’ என்பதைச் சேர்த்தெழுதுவதா பிரிப்பதா, எண்களை எழுத்தில் எழுதுவதா இலக்கத்திலா, கிரந்த எழுத்துகளை எங்கே ஏற்பது, இதிலெல்லாம் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. எழுதிவைத்த கையேடு இருந்தால் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால், நீங்கள் பார்க்கும் புத்தகத்தில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று புத்தகங்களில் அதுவே கையேடாகிவிடும், நீங்கள் போன பிறகும் அங்கே புழங்கும்.

முக்கியமான கட்டுப்பாடு: உங்கள் நடைக்கு ஏற்றபடி திருத்தாதீர்கள். பிழை என்றால் திருத்தம், சந்தேகம் என்றால் கேள்வி, பிடிக்கவில்லை என்றால் கையை வைக்கவே வேண்டாம். பேச்சுவழக்கில் எழுதப்பட்ட உரையாடலை இலக்கணப்படி ‘சரி’ செய்து கொண்டுவந்து நிற்கும் புதியவர்களால் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் இடையே நிஜமான சண்டைகள் வந்திருக்கின்றன.

7. தயாரிப்பு: கணக்கு தெரிந்துகொள்ளுங்கள்

இலக்கியம் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்தப் பக்கமே தலைவைக்க மாட்டார்கள். நீங்கள் போங்கள்.

பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சிட்டு, மடித்து, வெட்டுவதுதான் புத்தகம். பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரம். 240 பக்கப் புத்தகம் சரியாக 15 பாரம். அதே புத்தகம் 243 பக்கமாக நீண்டால் பதினாறாவது பாரத்துக்குப் போய்விடும், 256 பக்கம் ஆகும், 13 பக்கங்கள் வெறுமையாக நிற்கும். அப்போது எடிட்டரும் வடிவமைப்பாளரும் உட்கார்ந்து மூன்று பக்கங்களை எங்கே மிச்சம்பிடிக்கலாம் என்று பார்ப்பார்கள்: ஒரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி இருக்கிறதா, முன்னுரையைச் சுருக்கச் சொல்லலாமா, எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைக்கலாமா. எந்த முடிவுக்கு எது காரணம் என்று இங்கே தெளிவாகப் புரியும், அதனால் அந்த மேசையில் உங்களையும் உட்காரவிடச் சொல்லிக் கேளுங்கள். பாரத்தைப் பாதியாகவோ காலாகவோ அச்சிடும் வசதி அந்த அச்சகத்தில் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள், விடை மாறும்.

அட்டையின் முதுகு எவ்வளவு அகலம் என்பது இன்னொரு கணக்கு. பக்கங்களை இரண்டால் வகுத்தால் தாள்களின் எண்ணிக்கை, அதை ஒரு தாளின் தடிமனால் பெருக்க வேண்டும். 240 பக்கம் என்றால் 120 தாள், ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 12 மில்லிமீட்டர். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில், தடிமன் இல்லை. ஒரே ஜிஎஸ்எம் உள்ள இரண்டு வகைத் தாள்களின் தடிமன் வேறாக இருக்கலாம், அதனால் அட்டை முடிவாகும் முன் தடிமனை அச்சகத்திடம் கேட்டு வாங்கிவிட வேண்டும். கேட்காவிட்டால் முதுகில் இருக்கும் தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

ஆப்செட் அச்சில் பிளேட், அதாவது அச்சுத் தகடு, செய்வதற்கான செலவு ஒரே அளவுதான், 300 பிரதி அடித்தாலும் 3000 அடித்தாலும். அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும். டிஜிட்டல் அச்சில் அந்த ஆரம்பச் செலவு இல்லை, ஆனால் எத்தனை அடித்தாலும் ஒரு பிரதியின் செலவு பெரிதாகக் குறையாது. எத்தனை பிரதி அடிப்பது என்ற முடிவு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எடுக்கப்படுகிறது. அதிகமாக அடித்தால் பணம் கிடங்கில் முடங்கும், குறைவாக அடித்தால் கேட்கிற நேரத்தில் புத்தகம் இருக்காது.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண், சரிபார்க்கும் வேலை அநேகமாக உங்களிடம் வரும். 2007 முதல் அது 13 இலக்கம், 978 அல்லது 979 என்று தொடங்கும். சாதா அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். மாற்றமில்லாத மறுஅச்சுக்குப் பழைய எண்ணே போதும், திருத்திய பதிப்புக்குப் புது எண் வேண்டும். கடைசி இலக்கம் சோதனைக்கானது: முதல் 12 இலக்கங்களை மாறி மாறி 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையோடு எதைச் சேர்த்தால் பத்தின் மடங்கு ஆகுமோ அதுதான் அந்த இலக்கம். கணக்கு ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு இலக்கம் தப்பு. பின்னட்டைப் பட்டைக்கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணும் உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

அச்சுக்குப் போகும் முன் அட்டையின் தலைப்பு, ஆசிரியர் பெயர், முதுகு மூன்றையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பிழையை யாரும் தேடுவதில்லை, அதனால்தான் அது தப்பிப் போகிறது.

8. உரிமை, விற்பனை, விளம்பரம்

புத்தகத்தில் வேறொருவரின் கவிதையோ பாடல் வரிகளோ படமோ இருந்தால் அனுமதி வாங்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கத் தெரிய வேண்டும். பதிப்புரிமைக்காக 1886இல் உருவான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தத்தின் பொதுவிதிப்படி, எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு, பல நாடுகளில் அது இன்னும் நீளம். பழைய நூலின் மொழிபெயர்ப்பு என்றால் மூலத்துக்கு உரிமை முடிந்திருந்தாலும் மொழிபெயர்த்தவரின் உரிமை தனியாக இருக்கும்.

விற்பனைப் பக்கம் ஒரு நாளாவது உட்காருங்கள். அட்டையில் போட்ட விலையில் விநியோகஸ்தருக்கும் கடைக்கும் போகும் கழிவு, ஆசிரியருக்கு ராயல்டி, அச்சுச் செலவு எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்று ஒரு புத்தகத்துக்காவது யாரிடமாவது கேட்டுப் போட்டுப் பாருங்கள். விற்காத பிரதிகள் திரும்பி வரும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பின்னட்டைக் குறிப்பு எழுதக் கொடுத்தால் நூறு சொற்களுக்குள் எழுதிப் பழகுங்கள். கதையின் முடிச்சை அவிழ்க்காதீர்கள், ‘தவிர்க்க முடியாத’, ‘ஆகச் சிறந்த’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, இந்தப் புத்தகத்துக்கு மட்டுமே பொருந்தும் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

9. வெளியே பேசக்கூடாதவை

வெளிவராத பிரதியைப் பற்றி நண்பரிடம்கூடப் பேசக் கூடாது. திரையைப் படமெடுத்துப் போடுவது, ‘ஒரு பிரபல எழுத்தாளரின் புது நாவலை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதுவது, இரண்டும் வேண்டாம். பிழைதிருத்தவோ சுருக்கம் எழுதவோ பிரதியை ஏதாவது இணையச் செயலியிலோ ஏஐ கருவியிலோ பதிவேற்றுவதும் இதில் அடங்கும். பதிப்பகம் எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே அது சரி, ஏனென்றால் அந்தப் பிரதி உங்களுடையதும் இல்லை, பதிப்பகத்துடையதும் முழுவதுமாக இல்லை. எழுத்தாளரிடம் நேரடியாகப் பேச வேண்டி வந்தால் எடிட்டருக்குத் தெரிந்தே பேசுங்கள், எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள்.

10. கடைசி வாரம்

செய்துமுடித்தது, பாதியில் நிற்பது, கோப்புகள் எங்கே இருக்கின்றன, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் ஒரு குறிப்பாக எழுதி ஒப்படையுங்கள். மேற்பார்வையாளரிடம் அரைமணி நேரம் கேட்டு, நீங்கள் எழுதிய வாசிப்பு அறிக்கைகளில் ஒன்றையும் பார்த்த மெய்ப்பில் சில பக்கங்களையும் எடுத்துவைத்து எங்கே தவறவிட்டீர்கள் என்று கேளுங்கள். சான்றிதழில் ‘பயிற்சி பெற்றார்’ என்று மட்டும் எழுதாமல் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். வேலை மாதிரிகளை வெளியே காட்ட வேண்டுமானால், வெளிவந்துவிட்ட புத்தகத்துக்கு நீங்கள் எழுதிய பின்னட்டைக் குறிப்பு போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள்.

அப்புறம், மெய்ப்புப் பார்க்க வெளியாட்கள் எப்போதுமே தேவைப்படுவார்கள் என்பதால், வேலை இருந்தால் பகுதிநேரமாகச் செய்யத் தயார் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பின்தொடர்ந்த புத்தகம் நீங்கள் கிளம்பிய பிறகுதான் அச்சாகிறது என்றால், எத்தனை பிரதி அடித்தார்கள், மறுஅச்சு எப்போது போகிறது என்று சில மாதங்கள் கழித்து ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். முதல் அச்சில் தப்பிய பிழைகளின் பட்டியலையும் அந்த மின்னஞ்சலோடு இணைத்து அனுப்புங்கள், மறுஅச்சுக்கு அது உதவும்.